பெரியவடகம்பட்டி மாரியப்பனும் ஒரு சென்டிமீட்டர் கணக்கும்

(உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3, 2024 அன்று மாலை நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் படிப்பதற்காகச் செய்தி மடலில் வெளியிடுமாறு செயலாளர் கேட்டதால், பேசியதைச் சற்று ஒழுங்குபடுத்தி எழுதித் தந்துள்ளேன்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "அண்ணா, உங்களுக்குத்தான் இந்தத் தலைப்பு பொருத்தமா இருக்குங்க" என்றார். காரணம் உங்களுக்குத் தெரியும். நான் நடந்து வருவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. முப்பத்தேழு வருடம் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். தெரிந்தது வரவு செலவு. விளையாட்டைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். அதனால் இன்று ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிக் கணக்குப் பிள்ளையின் பார்வையில் கொஞ்சம் பேசுகிறேன்.

அவர் வெளியூர்க்காரர் இல்லை. ஓமலூரைத் தாண்டி இருக்கும் பெரியவடகம்பட்டியில் 1995 ஜூன் 28 அன்று பிறந்தவர். பெயர் மாரியப்பன் தங்கவேலு. உயரம் தாண்டும் வீரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், 2020-க்கென்று வைத்து 2021-இல் நடந்த டோக்கியோவில் வெள்ளி, இந்த ஆண்டு பாரிஸில் வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். நம் சேலம் ஜில்லாவுக்கு மாம்பழமும் எஃகும் எப்படியோ அப்படி இன்று அவர் பெயரும் அடையாளம்.

முதலில் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து வலது காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. அதன் பிறகு அந்தக் கால் சரியாக வளரவே இல்லை. மற்ற உடம்பெல்லாம் வாலிபனாக வளர்ந்தும், அந்த ஒரு கால் மட்டும் ஐந்து வயதுக் குழந்தையின் காலாகவே நின்றுவிட்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அம்மா சரோஜா. பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். செங்கல் சுமந்தார், பிறகு காய்கறி விற்றார். நாளுக்கு நூறு ரூபாய் கிடைத்த காலம் அது என்று பத்திரிகைகள் எழுதின. மகனின் வைத்தியத்துக்காக மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மகன் ரியோவில் தங்கம் வாங்கிய நாளில்கூட அந்தக் கடன் முழுதாக அடையவில்லை.

இந்த இடத்தில் வங்கிக்காரனின் புத்தி சும்மா இருக்காது. நான் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, கடைசியில் சேலம் என்று பல கிளைகளில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன். லாரிக் கடன், கோழிப்பண்ணைக் கடன், தறிக் கடன் எல்லாம் பார்த்திருக்கிறேன். மூன்று லட்சம் என்பது நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளிக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் காய்கறிக் கூடை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அது என்ன தொகை? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்கு மாதம் மூவாயிரம். ஒரு நாளைக்கு நூறு ரூபாய். அதாவது நாள் முழுதும் விற்றுக் கிடைக்கும் கூலி, வட்டிக்கே சரியாகப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். நம் பக்கத்துக் கந்துவட்டிக் கணக்கான இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வட்டியென்றால் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் அரிசி வாங்க வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும்.

நான் இருந்த நாற்காலிக்கு எதிரே அப்படிப்பட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். "ஜாமீன் யாரும்மா? சொத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றால் "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று அனுப்பியிருக்கிறேன். சட்டப்படி நான் செய்தது தப்பில்லை. ஆனால் அவர்கள் படி இறங்கிப் போன பிறகு எங்கே போயிருப்பார்கள், என்ன வட்டிக்கு வாங்கியிருப்பார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. பெரியவடகம்பட்டிச் செய்தியைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

சரி, மாரியப்பன் கதைக்கு வருவோம்.

ஊரில் உள்ள அரசுப் பள்ளியில்தான் படித்தார். முதலில் அவருக்குப் பிடித்தது கைப்பந்து. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இந்தப் பையன் எம்பும் விதத்தைப் பார்த்து, உயரம் தாண்டுதலில் இறக்கிவிட்டார். பதினான்கு வயதில் முதல் போட்டி. அது மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி இல்லை. இரண்டு காலும் நன்றாக இருந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு, இரண்டாம் இடம் வாங்கினார்.

உயரம் தாண்டுதலில் ஒரு சட்டம் உண்டு. குழந்தைகள் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் ஒரே காலில்தான் எழும்ப வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி எம்பினால் அந்தத் தாண்டல் செல்லாது. நான் இந்த விதியைப் படித்த அன்று சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்குமே அங்கே ஒரு கால்தான்! மாரியப்பனுக்கு எழும்புவதற்கு ஒரு நல்ல கால் இருக்கிறது. ஓடி வருவதில்தான் அவருக்குச் சிரமம். அதை அந்த ஆசிரியர் கண்ணால் கண்டுபிடித்தார். இல்லாத காலைப் பார்க்காமல் இருக்கிற காலைப் பார்த்தார்.

2013-இல் பெங்களூருவில் நடந்த தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணா இவரைப் பார்த்தார். 2015-இல் பெங்களூருக்கே அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். இதற்கிடையில் நம் சேலத்து ஏ.வி.எஸ். கல்லூரியில் பி.பி.ஏ. படிப்பை முடித்திருந்தார். 2016 மார்ச்சில் துனிசியா நாட்டில் நடந்த போட்டியில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார்.

2016 செப்டம்பர் 10. எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. காலையில் காபி டம்ளரோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நம் சேலத்துப் பையன் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் சாம் க்ரூவும் நம் நாட்டின் வருண் சிங் பாட்டியும் 1.86-இல் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்கு வெண்கலம்.

1.89 மீட்டர் என்றால் எவ்வளவு? ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் சற்று மேல். உங்கள் வீட்டு இரும்பு பீரோ ஆறரை அடி இருக்கும். அதன் மேல் தட்டிலிருந்து ஒரு விரல் நீளம் கீழே ஒரு கம்பியைக் கட்டுங்கள். அதைத்தான் அவர் தாண்டினார். இங்கே இரண்டு கால் உள்ளவர்கள் எத்தனை பேர் பீரோ பக்கம் போய் முயற்சி செய்வீர்கள் என்று பார்க்கலாம்.

அன்று இரவு நான் ஒரு வேலை செய்தேன். பழக்க தோஷம். ஒரு தொகையைப் பார்த்தால் பழைய பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இந்த 1.89-ஐப் பழைய ஒலிம்பிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் சொல்வது மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக் இல்லை. எல்லோருக்குமான ஒலிம்பிக்.

நவீன ஒலிம்பிக் முதன்முதலில் 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்தது. உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் அமெரிக்கரான எல்லெரி கிளார்க். அவர் தாண்டிய உயரம் 1.81 மீட்டர். நம்மவர் தாண்டியது அதைவிட எட்டு சென்டிமீட்டர் அதிகம்.

மூன்றாவது ஒலிம்பிக் 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்தது. தங்கம் சாமுவேல் ஜோன்ஸுக்கு, 1.80 மீட்டர். நம்மவர் ஒன்பது சென்டிமீட்டர் அதிகம்.

நடுவில் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். அங்கே வென்றவர் இர்விங் பாக்ஸ்டர். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர். பலே கெட்டிக்காரர். உயரம் தாண்டுதலிலும் தங்கம், கம்பு ஊன்றித் தாண்டுதலிலும் தங்கம். கம்பு ஊன்றி அவர் தாண்டியது 3.30 மீட்டர். அந்தக் காலத்தில் இன்றுபோல வளைந்து தூக்கிவிடும் கண்ணாடி இழைக் கம்பெல்லாம் கிடையாது. வளையாத மரக் கம்புதான். கம்பு இல்லாமல் வெறுங்காலின் பலத்தில் அவர் தாண்டிய உயரம் 1.90 மீட்டர்.

1.90. நம் மாரியப்பன் 1.89. ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு!

வங்கியில் நாள் முடிவில் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். அப்படி வளர்ந்தவன் நான். இந்த ஒரு சென்டிமீட்டரையும் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் நியாயமாகவும் பார்த்துவிடுகிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் தாண்டியவர்கள் விழுந்தது மணலிலோ மண்ணிலோதான். இன்று கனமான பஞ்சு மெத்தை இருக்கிறது. காலணி, பயிற்சி, சாப்பாடு எல்லாம் மாறிவிட்டன. ஆகவே பாக்ஸ்டரையும் மாரியப்பனையும் ஒரே தராசில் வைப்பது முழுச் சரியில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாக்ஸ்டருக்கு இரண்டு கால் இருந்தது என்பதையும் அதே பேரேட்டில் எழுதத்தானே வேண்டும்? இரண்டு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு.

அந்தப் பழைய ஏட்டைப் புரட்டியபோது இன்னும் இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். அவர்களைப் பற்றி இத்தனை வயது வரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஒருவர் ரே யூரி. 1873-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு வந்தது போலியோ. எனக்கு வந்த அதே வியாதி. சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளை. காலுக்குப் பலம் வர வேண்டும் என்று தானே பயிற்சி செய்யத் தொடங்கி, அந்தப் பயிற்சியிலேயே தாண்டுகிறவராக ஆகிவிட்டார். அந்தக் காலத்தில் ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே தாண்டும் போட்டிகள் ஒலிம்பிக்கில் இருந்தன. 1900 ஜூலை 16 அன்று பாரிஸில் ஒரே நாளில் மூன்று தங்கம் வாங்கினார். நின்ற இடத்திலிருந்து 1.65 மீட்டர் உயரம்! 1904, 1908 ஒலிம்பிக்கையும் சேர்த்து மொத்தம் எட்டுத் தங்கம். 1906-இல் ஏதென்ஸில் தனியாக நடந்த போட்டியில் வாங்கிய இரண்டையும் சேர்த்தால் பத்து. படிப்பால் அவர் பொறியாளர்.

இன்னொருவர் ஜார்ஜ் ஐசர். ஒரு கால் மரக்கால். 1904 ஒலிம்பிக்கில் உடற்பயிற்சிப் போட்டிகளில் ஒரே நாளில் ஆறு பதக்கம் வென்றார். அதில் மூன்று தங்கம். கயிறு ஏறுவதிலும் தங்கம். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கெழுதினார். நம்ம ஜாதி! அதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் முரளிகாந்த் பேட்கர். 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் வென்றார். அடுத்தது 2004-இல் ஈட்டி எறியும் தேவேந்திர ஜஜாரியா. அதற்கும் பன்னிரண்டு வருடம் கழித்து மாரியப்பன்.

அந்த 1972-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருடம் நான் எட்டாம் வகுப்பு. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். வாரத்துக்கு இரண்டு நாள் விளையாட்டுப் பீரியடு. மணி அடித்ததும் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. "நீ வெயில்ல கஷ்டப்படாத கண்ணு" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை ஆறு வருடம் நாற்பது பைகளைக் காத்தேன். ஒரு பென்சில்கூடத் தொலைந்ததில்லை. பின்னால் வங்கியில் என்னை நம்பிப் பெட்டகச் சாவி கொடுத்தார்கள் என்றால் அதற்கு அந்தப் பயிற்சிதான் காரணம் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

வேடிக்கையாகச் சொல்வேனே தவிர, ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு அது வேடிக்கையாக இல்லை. ஹைடல்பர்க் செய்தி எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை யாராவது ஒருவர், "நீயும் வந்து பாரு தம்பி" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தங்கம் கிடைத்திருக்காது. ஆனால் தோற்கவாவது கிடைத்திருக்கும். விளையாடித் தோற்பதும் ஒரு சொத்து என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அந்தச் சொத்து இல்லை.

தோல்வி என்றதும் டோக்கியோ நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் அங்கே தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடிக்க மாரியப்பனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விமானத்தில் அவர் அருகே பயணித்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததால் அந்த வாய்ப்பு போனது. டேக் சந்த் என்ற வீரர் கொடி பிடித்தார். ஆகஸ்ட் 31 அன்று போட்டி. மழை. மாரியப்பன் 1.86 தாண்டினார். 1.88-க்கு மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் முடியவில்லை. ரியோவில் வெள்ளி வாங்கிய அதே சாம் க்ரூ 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை மழையில் நனைந்துபோய்ச் சிரமமாகிவிட்டது என்று மாரியப்பன் பிறகு சொன்னார். அவ்வளவுதான். யாரையும் குறை சொல்லவில்லை. வெண்கலம் வாங்கியவரும் நம்மவர்தான், பீகாரைச் சேர்ந்த சரத் குமார். அவருக்கும் போலியோ.

ஐந்து வருட இடைவெளியில் இரண்டு பாராலிம்பிக். தங்கம் வெள்ளியானது. நம் ஊரில் சிலர், "இறங்குமுகம்" என்று பேசியதை நானே டீக்கடையில் கேட்டேன். ஆனால் இந்த ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் அதே 1.88-ஐத் தாண்டித் தங்கம் வாங்கிவிட்டார். மழையில் மூன்று முறை தட்டிவிட்ட அதே உயரம், அதே ஜப்பான். மூன்று வருடம் கழித்து அந்தக் கடனை அடைத்துவிட்டார். செப்டம்பரில் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94, நம் சரத் குமார் 1.88. பாக்ஸ்டரின் 1.90-ஐ மாற்றுத்திறனாளி வீரர் ஒருவர் அதே பாரிஸ் நகரிலேயே தாண்டிவிட்டார் என்பதையும் கவனியுங்கள். நூற்று இருபத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

ரியோவில் இந்தியாவுக்கு மொத்தம் 4 பதக்கம். டோக்கியோவில் 19. பாரிஸில் 29. இந்த வளர்ச்சி வட்டியைப் பார்த்தால் எந்த வங்கியும் பொறாமைப்படும்.

பணம் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்க நினைப்பீர்கள். ரியோ வெற்றிக்குத் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. மத்திய அரசு 75 லட்சம் தந்தது. பத்மஸ்ரீ, அர்ஜுனா விருதுகள் 2017-இல், கேல் ரத்னா 2020-இல் வந்தன. டோக்கியோவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசின் காகித நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். மூன்று லட்சம் கடனில் வளர்ந்த பிள்ளை, கைக்குப் பணம் வந்ததும் அதைப்போலப் பத்து மடங்கைப் பள்ளிக்கூடத்துக்குத் தருகிறார். ஒரு ஆசிரியர் ஒரு நாள் மைதானத்தில், "இவனையும் விட்டுப் பார்ப்போம்" என்று நினைத்ததற்குக் கிடைத்த வட்டி இது.

இதுவரை சொன்னது மாரியப்பன் கணக்கு. இனி நம் கணக்கு. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன பொங்கலுக்கு நம் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிகள் பூங்கா மைதானத்தில் நடந்தன. பரிசுக் குழுவில் நானும் இருந்தேன். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், கயிறு தாண்டுதல், இசை நாற்காலி எல்லாம் வழக்கம்போல நடந்தது. நம் நகரில் ஒரு பையன் இருக்கிறான். யாரென்று சொல்லப் போவதில்லை. சொல்லாமலே சிலருக்குத் தெரியும். காலில் காலிப்பர் போட்டு நடப்பவன். காலையிலேயே வந்து மைதான ஓரத்தில் நின்றான். நான்தான் அவனைக் கூப்பிட்டேன். என்னைப்போல ஒருவன் என்ற பாசம். ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து, "நீ உட்கார்ந்து ஸ்கோர் எழுது தம்பி. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றேன். நாள் முழுதும் எழுதினான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பரிசளிப்பின்போது ஞாபகமாக மேடைக்குக் கூப்பிட்டு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "தாத்தா, அடுத்த வருசமும் நான்தான் எழுதணுங்களா?" என்று கேட்டான்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமாங்கண்ணு, நீதானே நல்லா எழுதற!"

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அன்று இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் பைகளைக் கொடுத்தவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள். அவர்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஜன்னல் ஓரத்தில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்த நானே, அந்த நாற்காலியை எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் போட்டுவிட்டேன்.

மாரியப்பனைப் பற்றி இவ்வளவு படித்திருக்கிறேன். யூரி, ஐசர் என்று பெயர்கள் சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்ற பிள்ளையிடம் "உனக்கு எந்தப் போட்டியில சேரணும்?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பத்து மாதமாக இது என் பற்றுக் கணக்கில் நிலுவையில் இருக்கிறது.

அதனால் வரும் பொங்கல் போட்டிகளுக்காக நான் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். செயற்குழு இங்கேயே இருக்கிறது.

ஒன்று, போட்டிக்குப் பெயர் வாங்கும்போது வீடு வீடாகப் போய் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். "இவனால் முடியாது" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. பெற்றோர்களே, நீங்களும் செய்யாதீர்கள். விழுந்துவிடுவானோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவுக்கும் அதே பயம்தான். ஆனால் விழாமல் காப்பாற்றப்பட்ட பிள்ளைக்கும் ஒரு வலி இருக்கிறது. அது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு, ஆறுதல் பரிசு வேண்டாம். ஓடினால் ஓடியதற்கு, தாண்டினால் தாண்டியதற்கு. கடைசியாக வந்தால் கடைசி என்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரியும்.

மூன்று, பூங்காவின் கிழக்குப் பக்கத்து மண் தரையைச் சிமெண்டுக் கல் பதித்து வாகன நிறுத்தமாக்குவது என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. கார் வைத்திருப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். என் மகனும் தெருவில்தான் நிறுத்துகிறான். ஆனாலும் ஒரு பிள்ளை தாண்டி விழ வேண்டுமென்றால் மண் வேண்டும். நம் நகரில் மிச்சமிருக்கும் மண் அது ஒன்றுதான். வாக்களிக்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் மனசு சொல்கிறபடி கை தூக்குங்கள்.

போன வாரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார். அவனை உட்கார வைத்து, போன வருடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "கயிறு தாண்டுறதுல சேரலாங்களா தாத்தா? ஆனா தோத்துருவேன்" என்றான். "தோத்தா என்ன?" என்றேன். "அப்பறம் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. வங்கியிலும் ஜாமீன் போடுகிறவன் தன் கையெழுத்தையும் போட்டாக வேண்டும் அல்லவா?

ஆகவே செயலாளர் அவர்களே, அறுபது வயதுக்கு மேற்பட்டோர் நடைப் போட்டியில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வயது 65. இதுவரை கலந்துகொண்ட போட்டிகள்: இல்லை. கடைசி இடம் எனக்கு உறுதி என்பதால் மற்றவர்கள் தைரியமாக வரலாம்.

ஸ்கோர் எழுத மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை எங்கள் இருவருக்கும் வேலை இருக்கிறது.